வெடிச்சதா, உக்காந்ததா

எங்கள் வீட்டு மாடியில் முன்பு ஒரு டீச்சர் குடியிருந்தார். எந்தக் குழியைப் பார்த்தாலும் அவர் கேட்பது ஒரே கேள்விதான். "இது வெடிச்ச குழியா, உக்காந்த குழியா?"

தெப்பக்குளம் பக்கம் ஒருமுறை அவருடைய ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போனேன். நடுச்சாலையில் ஒரு பள்ளம். மற்றவர்களாக இருந்தால் வாய்க்கு வந்தபடி யாரையாவது திட்டிவிட்டு வளைத்துக்கொண்டு போயிருப்பார்கள். இவர் வண்டியை ஓரங்கட்டி, ஸ்டாண்டு போட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பள்ளத்தின் ஓரத்தில் குத்தவைத்து உட்கார்ந்துவிட்டார். பின்னால் வந்த ஷேர் ஆட்டோக்காரர் ஹாரனில் வைத்த கையை எடுக்கவில்லை.

"அக்கா, எந்திரிங்கக்கா. மானம் போகுது."

"இருப்பா. ஓரம் உள்பக்கமாச் சரிஞ்சிருக்கு பாத்தியா? மேல தூக்கியிருந்தா வெடிச்சதுன்னு வச்சுக்கலாம். இது அடியில என்னமோ காலியாகி உக்காந்திருக்கு. குழாய் ஒடஞ்சு தண்ணி மண்ண அரிச்சிருக்கும்." பிறகு ஆட்டோக்காரரைப் பார்த்து, "அண்ணே, நீங்களும் வந்து பாருங்க," என்றார்.

அந்த மனிதர் இறங்கி வந்து பார்த்தார். அதுதான் எனக்கு இன்றுவரை ஆச்சரியம். பயணிகள் இரண்டு பேரும் அவரோடு இறங்கி எட்டிப் பார்த்தார்கள். கொஞ்ச நேரத்தில் அந்தப் பள்ளத்தைச் சுற்றி ஒரு கூட்டமே நின்றது. நான் தலையில் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு வேறு பக்கம் திரும்பி நின்றேன்.

அரசு வேலைத் தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்கான பயிற்சி மையம் ஒன்றில் அவர் புவியியல் நடத்தினார். பாடத்தில் எரிமலைக்கு இருப்பது சில வரிகள். இவர் அதை வாரக்கணக்கில் நடத்துவார். "டீச்சர், அதுலேருந்து ஒரு மார்க்கு வந்தாலே பெருசு," என்று மையத்துக்காரர் தலையில் அடித்துக்கொள்வாராம். தெருவில் யாருக்கும் அவர் பெயர் தெரியாது. எரிமலை டீச்சர் என்றால் கேஸ் போடுகிற பையனுக்குக்கூட வீடு தெரியும். எனக்கு அவர் அக்கா. நான் அப்போது ஒரு பரிசோதனை லேபில் ரிசப்ஷனில் இருந்தேன். வேலை முடிந்து வந்தால் அவரோடு மாடிப்படியில் உட்கார்ந்து பேசுவதுதான் பொழுதுபோக்கு.

இத்தனைக்கும் அவர் ஒரு எரிமலையையும் நேரில் பார்த்ததில்லை. மதுரையை விட்டு அதிக தூரம் போனதுமில்லை. சௌராஷ்டிரம் பேசுகிற குடும்பம். போனில் அவருடைய அம்மாவோடு அந்தப் பாஷையில் சண்டை போடும்போது கேட்க நன்றாக இருக்கும். "வடக்க எங்க ஆளுங்க விட்டுட்டு வந்த மண்ணு இருக்குல்ல, அது பூராவும் எரிமலைக் குழம்பு ஆறுனதுப்பா," என்று பெருமையாகச் சொல்வார். "மலை உச்சியிலேருந்து வரல. தரை வெடிச்சு, அந்த வெடிப்பு வழியா வெள்ளம் மாதிரி ஓடி, அடுக்கடுக்காப் படிஞ்சிருக்கு. அங்கேருந்து கிளம்பி, போயும் போயும் ஒரு எரிமலை கூட இல்லாத ஊருக்கு வந்து சேந்திருக்காங்க பாரு." முன்னோர்கள் மேல் அவருக்கு இருந்த ஒரே வருத்தம் அதுதான்.

ஏன் தனியாக இருக்கிறார் என்று தெருவே கேட்டது. நானும் ஒருமுறை கேட்டேன். "அது தூங்குற மலைப்பா. எழுப்பாத," என்றார். முகத்தில் சிரிப்பு இருந்தது. நான் மறுபடி கேட்கவில்லை.

அவரிடம் எனக்குப் பிடித்த இன்னொன்று, தான் சொன்னது தப்பு என்று தெரிந்தால் அவருக்கு வரும் சந்தோஷம். டி. கல்லுப்பட்டி போகிற வழியில் ஒரு வட்டமான பள்ளத்தைப் பார்த்துவிட்டு, அது வானத்திலிருந்து கல் விழுந்து உண்டான குழி என்று முடிவுகட்டிவிட்டார். வடக்கே லோனாரில் அப்படி ஒரு ஏரி இருக்கிறதாம். எரிமலைப் பாறைக்கு நடுவே வட்டமாகக் கிடந்ததால் அதையும் எரிமலை வாய் என்றுதான் முதலில் நினைத்தார்களாம். பிறகுதான் விண்கல் விழுந்தது என்று தெரிந்ததாம். அதே மாதிரி ஒன்று நம்ம ஊருக்குப் பக்கத்திலும் இருக்கிறது என்று வகுப்பு முழுக்கச் சொல்லிவிட்டார். கடைசியில் அந்தப் பக்கத்து லாரி டிரைவர் ஒருவர், "அது செங்கச் சூளைக்கு மண்ணெடுத்த பள்ளம்மா," என்று முடித்துவைத்தார். இன்னொருவராக இருந்தால் அந்தப் பேச்சையே எடுத்திருக்க மாட்டார். இவர் மறுநாள் வகுப்பில் எல்லாருக்கும் கடலை மிட்டாய் கொடுத்து, "நான் சொன்னது தப்பு, ஏன் தப்புன்னு கேளுங்க," என்று ஆரம்பித்தாராம்.

என் அப்பாவுக்கு அவரைப் பிடிக்காது. பிடிக்காது என்பதைவிட, பயம் என்று சொல்லலாம். அப்பா பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். கேள்வி கேட்டால் ஒரு வார்த்தையில் பதில் சொல்வார். இன்னொரு கேள்வி கேட்டால் எழுந்து போய்விடுவார். அம்மா போனபிறகு அந்த ஒரு வார்த்தையும் குறைந்துவிட்டது. அப்படிப்பட்டவருக்கு மாடியில் இப்படி ஒரு குடித்தனம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பூரி சுட்டுக்கொண்டிருந்தேன். அப்பா தட்டோடு உட்கார்ந்திருந்தார். கொடுத்த பாத்திரத்தைத் திருப்பித் தர வந்த அக்கா, வாணலியில் உப்பி நின்ற பூரியைப் பார்த்ததும், "தொடாத, தொடாத! அப்படியே எடுத்துத் தட்டுல வையி," என்று கத்தினார். என்னவோ ஏதோ என்று எடுத்து வைத்தேன், அதுவும் அப்பா தட்டிலேயே.

"நல்லாப் பாரு. மலை உச்சியில வாய் மாதிரி பள்ளம் இருக்கும்ல, அது சின்னது. உள்ளேருந்து கல்லும் சாம்பலுமாத் தூக்கியெறிஞ்சு, எறிஞ்சது வாயச் சுத்தி விழுந்து விழுந்து வரப்புக் கட்டும். அது வெடிச்ச குழி. ஆனா சில மலைக்கு அடியில பெரிய மண்டபம் மாதிரி எடம் இருக்கும், அது பூரா குழம்பு தேங்கிக் கெடக்கும். அம்புட்டையும் அது ஒரேயடியா வெளிய கொட்டிருச்சுன்னு வையி. மேல இருக்குற மலையத் தாங்க அடியில என்ன இருக்கு?"

சேலையிலிருந்து ஒரு ஊக்கைக் கழற்றிப் பூரியின் தலையில் குத்தினார். ஆவி புஸ்ஸென்று போனது. மேல்தோல் மெதுவாக இறங்கிப் படுத்தது. ஓரம் மட்டும் வட்டமாக நின்றது.

"பாத்தியா? வெடிச்சதால வந்த பள்ளமில்ல இது. காலியானதால வந்தது. உலகத்துல இருக்குற பெரிய பெரிய எரிமலை ஏரியெல்லாம் இப்படி உக்காந்ததுதான். கரையிலேருந்து பாத்தா அடுத்த கரை தெரியாது, அம்புட்டு அகலம்." பக்கத்தில் இருந்த பாலை எடுத்து அந்தப் பள்ளத்தில் ஊற்றினார். "இப்ப மழை பெய்யுது. சுத்தி வரப்பு, தண்ணி வெளிய போக வழியில்ல. சாம்பல் சேறாப் படிஞ்சு அடி ஓட்டைய அடைக்கும். பேஞ்சது கொஞ்சம் காயும், கொஞ்சம் நிக்கும். காயுறதவிடப் பெய்யுறது கூடுதலா இருந்தா, எத்தன தலைமுறை ஆனாலும் ஒரு நாளைக்கு ரொம்பிரும்."

அப்பா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "பூரி ஊறிருச்சு. திங்கவா, வேணாமா?" என்றார்.

அக்கா சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. அப்பா அந்த ஏரியைச் சர்க்கரை போட்டுச் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போனார். போகும்போது அவர் உதடு சிரிப்பில் லேசாக இழுத்துக்கொண்டதை நான் பார்த்தேன். பல மாதங்களாகப் பார்க்காத ஒன்று அது.

அக்காவின் போனைத் திறந்தாலே ஒரு ஏரிதான் தெரியும். சுமத்ராவில் இருப்பது. நடுவில் ஒரு ஊரே குடியிருக்கிற அளவுக்குப் பெரிய தீவு. அது மலையாக இருந்து வெடித்தபோது பறந்த சாம்பல் கடல் தாண்டி நம் நாட்டிலும் விழுந்திருக்கிறது, ஆற்றங்கரைகளில் தோண்டினால் இன்னும் கிடைக்கிறது என்பார். உட்கார்ந்த குழியில் தீவு எப்படி வந்தது என்று கேட்டேன். "அடியில மறுபடியும் குழம்பு ஊறி வந்து, உக்காந்த தரைய மெல்லமாத் தூக்கும். உக்காந்துட்டா அதோட முடிஞ்சு போச்சுன்னு கெடையாதுப்பா," என்றார்.

மேலூர்ப் பக்கம் எரிமலை ஏரி இருக்கிறது என்று ஒரு வீடியோ சுற்றியது. பச்சைப் பசேலென்று தண்ணீர், சுற்றிச் செங்குத்தான பாறை, பின்னால் பயமுறுத்துகிற இசை. லேபில் எல்லாரும் அனுப்பினார்கள். அக்காவிடம் காட்டினால் கிழிகிழியென்று கிழிப்பார், வேடிக்கை பார்க்கலாம் என்று காட்டினேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு, "கிளம்பு, போயிட்டு வந்துருவோம்," என்றார்.

ஒத்தக்கடை தாண்டும்போது யானைமலையைக் கைகாட்டினார். "அது எரிமலையா வந்திருக்க வேண்டிய ஆளுப்பா. ரொம்ப ஆழத்துல வெந்து, பாதி உருகி, வெளிய வராமலே ஆறிப்போச்சு. மேல இருந்த மண்ணும் பாறையும் தேஞ்சு தேஞ்சு கடைசியில இது தெரியுது." யானைமலை எனக்கு அதற்கு முன் வெறும் மலையாகத்தான் இருந்தது.

ஏரி என்றது கைவிடப்பட்ட கிரானைட் குவாரி. சுவர் சுவராக அறுத்த பாறையில் துளை போட்ட கோடுகள் வரிசையாகத் தெரிந்தன. ஆனாலும் வேடிக்கை பார்க்கக் கூட்டம். குதிக்கப் போன இரண்டு இளவட்டங்களை டீக்கேன் வைத்திருந்த ஒருவர் அதட்டி விரட்டிக்கொண்டிருந்தார். "ஏலேய், எறங்குனா ஏறுறதுக்குக் கரையே கெடையாதுடா! போங்கடா அங்கிட்டு!"

அக்கா அவரிடம் போனார். "அண்ணே, இது எரிமலைங்கிறாங்களே?"

அவர் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "நான் மிஷின் ஓட்டி வெட்டுன குழிம்மா இது. எரிமலைன்னே இருக்கட்டும். டீ ஓடுது."

வெட்டின குழி என்ற வகை அன்றைக்குத்தான் அக்காவின் பட்டியலில் சேர்ந்தது. எரிமலை இல்லை என்பதில் அவருக்கு ஒரு ஏமாற்றமும் இல்லை. டீயைக் கையில் வைத்துக்கொண்டு அந்த மனிதரைத் துளைத்தெடுத்துவிட்டார். வெட்டும்போது தண்ணீர் வந்ததா, எந்த ஆழத்தில் வந்தது, பம்பை நிறுத்தியதும் எவ்வளவு வேகமாக ஏறியது. "இப்ப நிக்கிறது மழைத் தண்ணியா, ஊத்துத் தண்ணியா?"

"இத இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லையேம்மா," என்று அவர் தலையைச் சொறிந்தார். பிறகு இருவரும் விளிம்பில் தள்ளி நின்று வெகுநேரம் கீழே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பசி உயிர் போனது.

இதெல்லாம் வெளியில் இருந்த குழிகள். ஒரு குழி எங்கள் வீட்டுக்குள்ளேயே இருந்தது.

எனக்கு வரன் அமைந்தது. மாப்பிள்ளை பேரையூர்ப் பக்கம். நிச்சயதார்த்தம் எங்கள் வீட்டு ஹாலிலேயே என்று அப்பா முடிவு செய்து, ஹாலுக்குப் புது டைல்ஸ் போட்டார். போட்ட சில வாரங்களில், சந்தைக்குப் போய்விட்டு வந்த பையிலிருந்து ஒரு எலுமிச்சம்பழம் விழுந்து, தானாக உருண்டு, ஹாலின் பின்பக்கத்து மூலைக்குப் போய் நின்றது. எடுத்துத் திரும்ப வைத்தேன். மறுபடி அங்கேயே போய் நின்றது. அக்கா அப்போது வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

அவர் நேராக அந்த மூலைக்குப் போய்க் குதிகாலால் தட்டினார். டொக்கென்று கேட்டது. தள்ளி வந்து தட்டினார். திண்ணென்று கேட்டது.

"அப்பா, இந்த எடத்துக்குக் கீழ முன்னாடி என்ன இருந்துச்சு?"

"மண்ணு," என்றார் அப்பா.

"மண்ணுக்குக் கீழ?"

அப்பா எழுந்து போய் டிவியைப் போட்டார்.

என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். கிணறு இருந்தது. நான் பள்ளியில் படிக்கும்போது அது எங்கள் கொல்லையின் தென்மேற்கு மூலை. அம்மா கிட்னி கெட்டு இறந்தபோது, துக்கத்துக்கு வந்த யாரோ ஒருவர், தென்மேற்கில் கிணறு இருந்தால் வீட்டுப் பொம்பளையைக் கொண்டுபோய்விடும் என்று சொல்லிவிட்டுப் போனார்.  கொஞ்ச நாளில் அப்பா லாரி லாரியாகக் கட்டட இடிபாட்டைக் கொட்டிக் கிணற்றை மூடினார். அதற்கு மேல் ஹாலை நீட்டிக் கட்டினார்.

கிணற்றை மூடினால் அது மூச்சு விட ஒரு குழாய் வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். தண்ணீர் உயிருள்ளது, மூச்சு முட்டினால் வீட்டுக்கு ஆகாது என்பார்கள். அப்பாவும் வைத்திருந்தார். ஹால் மூலையில் முழங்கால் உயரத்துக்கு ஒரு பிளாஸ்டிக் குழாய் நின்றுகொண்டிருக்கும். டைல்ஸ் போடும்போது அதை அறுத்து மூடச் சொல்லிவிட்டார். "அண்ணே, மூச்சுக்குழாய அடைக்காதீங்கண்ணே," என்று கொத்தனார் கெஞ்சிப் பார்த்தார். "வாரவுக இது என்னன்னு கேட்டா என்னத்தச் சொல்றது?" என்றார் அப்பா. வாஸ்து பார்க்கிற சம்பந்தம் என்று தரகர் சொல்லியிருந்தார். ஒரு குறையும் இல்லாத வீடு என்று அப்பா அவர்களுக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்.

இதை மாடிப்படியில் உட்கார்ந்து அக்காவிடம் சொன்னேன். அவர் கண்கள் விரிந்தன. "கொட்டுன இடிபாடு அடியில போயி உக்காருது. தண்ணி ஏறி எறங்கும்போது சின்ன மண்ணு கல்லு சந்துல இறங்கியிருக்கும். தரைக்கும் அதுக்கும் நடுவுல இப்பக் காலி எடம். குழாய அடச்சதால உக்காரலப்பா. குழாய் இருந்திருந்தா உள்ள என்ன நடக்குதுன்னு ஒரு டார்ச்ச அடிச்சாவது பாத்திருக்கலாம்…"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அக்கா, என் கல்யாணத்துக்குக் குழி தோண்டாதீங்க. இது வெளிய தெரிஞ்சா ஆகாத வீடுன்னு போயிருவாங்க. அப்பா தாங்க மாட்டாரு."

 அவர் என் முகத்தைப் பார்த்து, "உங்க வீட்டு விஷயம். நான் வாயத் தொறக்க மாட்டேன்," என்றார். எழுந்து இரண்டு படி ஏறியவர் திரும்பினார். "ஆனா அன்னைக்கு அம்புட்டுப் பேரையும் அதுக்கு மேல உக்கார வைக்கப் போறீங்களாப்பா?"

 சம்பந்தம் முறிந்தால் அப்பா உடைந்துபோவார். முறியாமல் நிச்சயதார்த்தம் நடந்தால், ஐம்பது அறுபது பேர் பாய் விரித்து உட்காருவார்கள், குழந்தைகள் குதிக்கும். அப்பாவிடம் சொன்னேன். "போன வருஷமும் அங்கதான பீரோ நின்னுச்சு," என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நிச்சயதார்த்தத்துக்கு முன் மாப்பிள்ளையின் அம்மா வீடு பார்க்க வந்தார். இப்போது என் அத்தை. கரிசக்காட்டில் நின்று உரமேறிய உடம்பு, கணீரென்ற குரல். அக்கா சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். மாடியை விட்டு இறங்கவில்லை. பலகாரம், காபி எல்லாம் முடிந்தது. "டைல்ஸ் நல்லா வெளிச்சமா இருக்குண்ணே," என்று சொல்லியபடி அத்தை எழுந்து ஹாலைச் சுற்றிப் பார்த்துக்கொண்டே போனார். பின்பக்கத்து மூலையை நெருங்கினார்.

"அங்க போகாதீங்கம்மா!"

கத்தியது அப்பா. நாற்காலி பின்னால் சரிய எழுந்து நின்றிருந்தார். அவ்வளவு சத்தமாக அவர் பேசி நான் கேட்டதே இல்லை. அத்தை காலை அப்படியே நிறுத்தி, "ஏண்ணே?" என்றார்.

அப்பா என்னைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். பிறகு மாடிப்படியைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "டீச்சர்! செத்த கீழ வாங்க."

அக்கா மாவுக் கையோடு ஓடி வந்தார். வந்தவருக்கு யார் என்ன என்று சொன்னதும், முதலில் அத்தையிடம் கேட்டது இது: "பேரையூரா? உங்க ஊரு கருப்பு மண்ணு எரிமலை மண்ணு இல்லம்மா, தெரியுமா? அது இங்க இருக்குற பாறையே மக்கி வந்தது." எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது. அத்தையோ, "அப்படியா?" என்று உண்மையாகவே கேட்டார்.

"டீச்சர், நீங்க சொல்லுங்க. எனக்குச் சொல்ல வரல," என்றார் அப்பா.

அக்கா என்னைப் பார்த்தார். பிறகு அப்பாவின் பக்கம் திரும்பி, பாடம் கேட்கிற மாதிரி இல்லாமல் ரொம்ப மெதுவாகக் கேட்டார். "அப்பா, இது வெடிச்ச குழியா, உக்காந்த குழியா?"

"உக்காந்ததும்மா," என்றார் அப்பா. "கிணறு. நான்தான் மூடுனேன். இவ ஆத்தா போனதுக்கு இந்தக் கிணறுதான் காரணம்னாங்க."

சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டார். அம்மா இறந்த அன்றுகூட அவர் அழுது நான் பார்க்கவில்லை. 

அக்காவுக்கு மட்டும் நெற்றி சுருங்கியிருந்தது. "அம்மா கல்யாணமாகி வந்ததுலேருந்து அதே கிணத்துலதானப்பா தண்ணி எறைச்சாங்க? அத்தன வருஷம் அது ஏன் சும்மா இருந்துச்சு?" ஆறுதலுக்காகக் கேட்ட கேள்வி இல்லை அது. பதில் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் கேட்டார். அப்பா துண்டை எடுத்துவிட்டு அவரையே பார்த்தார். 

அத்தை மூலையைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். "எங்க வீட்டுலயும் அதே மூலையிலதாண்ணே கிணறு கெடக்கு. நான் குத்துக்கல்லாட்டம் நிக்கிறேன்ல?" என்றார். பிறகு குரல் மாறியது. "கிணத்த மூடுனது பெருசில்ல. தண்ணி வத்துனா எல்லாரும் மூடத்தான் செய்யிறாக. மூச்ச அடச்சீக பாருங்க, அதான் தப்பு. மொதல்ல ஒடச்சு விடுங்க. விசேஷத்தத் தெருவுல பந்தல் போட்டு வச்சுக்குவோம்."

மறுநாள் கொத்தனார் வந்து டைல்ஸை எடுத்தார். கடப்பாரை இரண்டாவது போட்டிலேயே கையை விட்டு நழுவி உள்ளே போய்விட்டது. சத்தம் வெகுநேரம் கழித்துக் கேட்டது போலிருந்தது. கொத்தனார் வேலையை விட்டுவிட்டு வாசலுக்கு ஓடினார். நாங்கள் சுவரோடு ஒட்டிக்கொண்டோம். அக்கா மட்டும் குப்புறப் படுத்து, டார்ச்சை நீட்டி, தலையைக் குழிக்குள் விட்டுவிட்டார். நான் அவர் காலைப் பிடித்துக்கொண்டேன்.

"ஆத்தாடி, எம்புட்டு அழகு! ஓரம் பூராவும் உள்ளாற சரிஞ்சிருக்குப்பா!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

நிச்சயதார்த்தம் தெருவில் நடந்தது. ஹால் வாசலில் ஒரு பெஞ்சைக் குறுக்கே போட்டு அப்பா நின்றுகொண்டார். வந்தவர்கள் ஒவ்வொருவரிடமும், "உள்ள போகாதீங்க, எங்க வீட்டுக் கிணறு அங்க இருக்கு," என்று சொன்னார். கேட்காதவர்களிடமும் சொன்னார். நான் தட்டு மாற்றும் இடத்திலிருந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தனை வருஷம் பல்லைக் கடித்து மறைத்ததை அவர் அன்று ஊரைக் கூப்பிட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார்.

போட்டோவுக்கு அக்காவைத் தேடினோம். காணவில்லை. பெஞ்சுக்கு அடியில் புகுந்து உள்ளே போயிருக்கிறார். பட்டுச்சேலையோடு குப்புறப் படுத்து, கூழாங்கல்லைப் போட்டுப் போட்டுக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். போட்டோகிராபர் அதையும் எடுத்திருக்கிறார். எங்கள் ஆல்பத்தில் எல்லார் முகமும் இருக்கிறது. அவருக்கு மட்டும் இரண்டு உள்ளங்கால்.

நான் கல்யாணமாகிப் பேரையூருக்குப் போன வருஷமே அவர் கோயம்புத்தூரில் வேலை கிடைத்துப் போய்விட்டார். அப்பா ஆள் வைத்துக் கிணற்றிலிருந்து இடிபாட்டையெல்லாம் எடுத்து, சிமெண்ட் உறை இறக்கி, வாயில் கம்பி மூடி போட்டார். மொட்டை மாடியில் விழுகிற மழையைக் குழாய் வைத்து அதற்குள் விட்டார். ஹாலுக்குள்ளேயே இப்படியா என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். "இருக்கட்டும்," என்றார் அப்பா. முதல் வருஷம் மழை ஏமாற்றியது. அடியில் ஈரம் மட்டும் தெரிந்தது.

போன ஐப்பசியில் நான் வீட்டுக்குப் போயிருந்தபோது மூன்று நாள் விடாத மழை. மழை விட்ட காலையில் அப்பா என்னைக் கூப்பிட்டார். கம்பி மூடிக்குக் கீழே, கை நீட்டினால் தொடலாம் என்கிற தூரத்தில், தண்ணீர் அசையாமல் கிடந்தது. ஜன்னல் வெளிச்சம் அதில் விழுந்திருந்தது. 

"அந்தப் பொண்ணுக்கு ஒரு மெசேஜ் போடு," என்றார் அப்பா. "ஏரி ரொம்பிருச்சுன்னு போடு."

போட்டோ எடுத்து அனுப்பினேன். உடனே பதில் வந்தது. நல்லா இருக்கீங்களா என்று இல்லை, சந்தோஷம் என்று இல்லை.

"என்ன சொல்லுது?" என்றார் அப்பா.

படித்துக் காட்டினேன். "மழைத் தண்ணியா, ஊத்துத் தண்ணியா?"

"அதானே," என்றார் அப்பா. அலமாரியிலிருந்த டார்ச்சை எடுத்தார். முட்டி வலிக்காரர், சுவரைப் பிடித்து மெல்ல மெல்ல இறங்கி, கம்பி மூடியின் மேல் குப்புறப் படுத்துவிட்டார்.